ஆங்கிலத் துறை ஒழிப்பும் ஆப்பிரிக்க அறிவு மறுமலர்ச்சியும்: நைரோபி, 1968

ஆய்வுச் சுருக்கம்

1968ஆம் ஆண்டு நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கல்வியாளர் மூவர், ஆங்கிலத் துறையை ஒழிக்க வேண்டும் என்று கோரி ஓர் அறிக்கை அளித்தனர். அவ்வறிக்கை எழுந்த சூழலையும், பாடத்திட்டத்தில் அது பெற்ற வெற்றியையும், மொழிச் சிக்கலில் அது எட்டாமல் விட்ட தொலைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆப்பிரிக்க இலக்கியம், கூகி வா தியாங்கோ, வாய்மொழி இலக்கியம், காலனிய நீக்கம், கிகூயு

மக்கெரெரே மாநாடு

1962 ஜூன் மாதத்தில் உகாண்டாவின் மக்கெரெரே பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு ஒன்று நடைபெற்றது. சினுவா அச்செபே, வோலே சோயிங்கா, எசெகியேல் முபாலேலே முதலியோர் அங்குக் கூடினர். அக்கல்லூரி மாணவராக இருந்த ஜேம்ஸ் கூகி, பின்னாளில் கூகி வா தியாங்கோ என அறியப்பட்டவர், தம் புதினத்தின் கையெழுத்துப் படியை அச்செபேயிடம் காட்டியதும் அங்கேதான். ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்கருக்கான மாநாடு என்று அதன் தலைப்பே வரையறுத்திருந்தது. அவ்வரையறையின்படி, சில சிறுகதைகளை மட்டுமே வெளியிட்டிருந்த மாணவர் ஒருவருக்கு அழைப்புக் கிடைத்தது. சுவாகிலியின் மாபெருங் கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கும் யொரூபா மொழியின் புதின ஆசிரியர் பகுன்வாவுக்கும் அங்கு இடமில்லை. ஷாபான் ராபர்ட் அதே மாதத்தில் தங்கனீக்காவில் காலமானார்.

இம்மாநாட்டிற்குப் பொருளுதவி செய்த அமைப்புகளுள் பண்பாட்டுச் சுதந்திரப் பேராயம் ஒன்று. அப்பேராயத்திற்கு அமெரிக்க நடுவண் உளவு நிறுவனத்தின் பணம் வந்துகொண்டிருந்தது 1966-67இல் அம்பலமாயிற்று. இதனைக் கொண்டு அக்கால எழுத்துகளையெல்லாம் ஐயுறுவது முறையன்று. ஆயினும் எம்மொழி எழுத்து உலக அரங்கிற்குரியது என்ற முடிவு இலக்கியக் காரணங்களால் மட்டும் எடுக்கப்பட்டதன்று என்பதை அது உணர்த்துகிறது.

மாநாட்டின் அடிப்படையையே வினவியவர் நைஜீரியத் திறனாய்வாளர் ஓபி வாலி. கம்பாலாவிலிருந்து வெளிவந்த 'டிரான்சிஷன்' இதழில் 1963இல் அவர் எழுதிய கட்டுரை, ஐரோப்பிய மொழிகளில் எழுதப்படும் ஆப்பிரிக்க இலக்கியம் மேலே செல்ல வழியற்ற முட்டுச்சந்தில் நிற்கிறது என்று வாதிட்டது. எதிர்ப்புகள் உடனே எழுந்தன. ஆங்கிலத்தை ஆப்பிரிக்க அனுபவத்திற்கு ஏற்ப வளைத்துக்கொள்ள முடியும் என்பது அச்செபேயின் நிலைப்பாடு. அப்போதைக்கு அதுவே வென்றது.

1968 அக்டோபர் அறிக்கை

1968 செப்டம்பர் 20 அன்று நைரோபிக் கல்லூரியின் ஆங்கிலத் துறைப் பொறுப்புத் தலைவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கலைப்புலக் குழுவின் முன் சில பரிந்துரைகளை வைத்தார். அவை பிற்போக்கானவை அல்ல. ஆங்கிலத் துறை பிரித்தானியத் தன்மையைக் குறைத்துக்கொண்டு அமெரிக்க, கரீபிய, ஆப்பிரிக்க எழுத்துகளுக்கும் இடந்தர வேண்டும் என்றே அவர் கருதினார். ஆனால் ஒற்றைப் பண்பாட்டின் வரலாற்றுத் தொடர்ச்சியைக் கற்பிப்பது அத்துறையின் சிறப்பு என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது.

கூகி, ஹென்றி ஓவூர்-அன்யும்பா, தபான் லோ லியோங் ஆகிய மூவரும் அக்டோபர் 24 அன்று அளித்த மறுமொழி அந்தச் சொல்லையே பற்றிக்கொண்டது. ஒற்றைப் பண்பாட்டின் தொடர்ச்சியைக் கற்பதே நோக்கமெனில், அப்பண்பாடு ஏன் ஆப்பிரிக்கப் பண்பாடாக இருத்தலாகாது என்று அவர்கள் வினவினர். ஆங்கிலத் துறையை ஒழித்து, ஆப்பிரிக்க இலக்கியம், மொழிகள் ஆகியவற்றுக்கான துறையை நிறுவ வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை.

இவ்வறிக்கையை ஐரோப்பிய இலக்கியத்தின் மீதான புறக்கணிப்பாகப் பலர் வாசித்துள்ளனர். மூலம் அவ்வாசிப்புக்கு இடந்தரவில்லை. ஐரோப்பிய இலக்கியத்திற்கும் பிரெஞ்சு மொழிக்கும் அதில் இடமுண்டு. மாற்றப்பட்டது நிற்கும் இடமே. ஆப்பிரிக்காவை மையமாகக் கொண்டு அங்கிருந்து பிற பண்பாடுகளை நோக்க வேண்டும் என்பதே அதன் வாதம். எனினும் அறிக்கையின் மிகத் துணிவான பகுதி இதுவன்று. வாய்மொழி இலக்கியத்தை முதன்மைப் பாடமாக்கியதே ஆகும். அதுவரை மானிடவியலாரின் தரவாகக் கிடந்த பாடலும் கதையும் பழமொழியும் இலக்கியம் என்ற தகுதியில் பாடத்திட்டத்தினுள் நுழைந்தன. ஆப்பிரிக்க இலக்கியம் காலனியக் கல்வி பெற்றவர்களிடமிருந்தே தொடங்கிற்று என்ற கருத்து இதனால் ஆட்டங்கண்டது. அச்சோலி மொழியில் பாடல் மரபைத் தழுவி எழுதி, 1966இல் 'லவினோவின் பாடல்' என ஆங்கிலத்திலும் தந்த ஒகோட் பிட்டெக்கின் ஆக்கம் அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது.

மெய்யியல் துறையிலும் இத்தகைய முயற்சி அதே வளாகத்தில் நிகழ்ந்தது. பெல்ஜியப் பாதிரியார் பிளாசிட் டெம்பல்ஸ் 1945இல் வெளியிட்ட 'பாண்டு மெய்யியல்', ஆப்பிரிக்கச் சிந்தனையைப் பெயரற்ற கூட்டு நம்பிக்கையாகச் சித்திரித்தது. கென்ய மெய்யியலாளர் ஒடேரா ஒருக்கா அதனை ஏற்கவில்லை. ஊர்ப் பெரியவர்களை நேரில் கண்டு உரையாடி, மரபை ஒப்புவிப்பவரையும் மரபையே கேள்விக்குட்படுத்துபவரையும் பிரித்தறிந்து, அவர்தம் கூற்றுகளை அவரவர் பெயராலேயே பதிவுசெய்தார். சிந்தனைக்கு உரியவர் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற எளிய நெறிதான் அது. அதனை நிலைநாட்ட ஒருக்காவுக்கு 1990இல் வந்த நூல் வரை உழைக்க வேண்டியிருந்தது.

துறையிலிருந்து கமிரீத்துவிற்கு

நைரோபியில் இறுதியில் அமைந்தது 'இலக்கியத் துறை'. மொழிகள் தனித்துறைக்குச் சென்றன. 1974இல் பள்ளி ஆசிரியர்களும் பேராசிரியர்களும் கூடி, பள்ளிப் பாடத்திலும் ஆப்பிரிக்க இலக்கியம் மையம் பெற வேண்டும் என்று விவாதித்தனர். இவையெல்லாம் மெய்யான வெற்றிகள். ஆனால் ஆப்பிரிக்க இலக்கியம் கற்பிக்கப்பட்டது ஆங்கிலத்திலேயே. ஓபி வாலியின் வினாவிற்கு 1968 அறிக்கை முழு விடை தரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அவ்வினாவின் கனத்தை 1977ஆம் ஆண்டு நிகழ்வுகள் காட்டின. சுதந்திரக் கென்யாவின் ஆட்சியாளரைக் கடுமையாகச் சாடும் கூகியின் ஆங்கிலப் புதினம் 'பெட்டல்ஸ் ஆப் பிளட்' அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்தது. அதனை வெளியிட்டு வைத்தவர் நிதியமைச்சர் மவாய் கிபாகி. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, லிமுருவை அடுத்த கமிரீத்து என்னும் சிற்றூரில், கூகி வா மிரீயுடன் இணைந்து கிகூயு மொழியில் எழுதிய 'காஹிகா தேண்டா' நாடகம் மேடையேறியது. உழவரும் தொழிலாளரும் தாமே கட்டிய திறந்தவெளி அரங்கில் நடித்தனர். ஒத்திகையின்போது உரையாடலையும் திருத்தினர். நவம்பர் 16 அன்று உரிமம் நீக்கப்பட்டது. டிசம்பர் 31 இரவு கூகி கைது செய்யப்பட்டு, விசாரணையின்றி ஏறத்தாழ ஓராண்டு சிறைவைக்கப்பட்டார். இரு படைப்புகளின் அரசியலும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டவை மொழியும் அதனைக் கேட்டவரும்.

கமிட்டி சிறையில், கழிப்பறைத் தாளில், கூகி தம் முதல் கிகூயு புதினத்தை எழுதினார். தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என அறியப்படும் அந்நூல் 1980இல் நைரோபியில் அச்சாயிற்று. ஐயாயிரம் படிகள் விற்கச் சில ஆண்டுகள் ஆகும் என்று பதிப்பகம் கருதியிருந்தது. ஒரு மாதத்திற்குள் மறுபதிப்புத் தேவைப்பட்டது. கமிரீத்து அரங்கை 1982 மார்ச்சில் காவல்துறை இடித்துத் தள்ளியது. அதற்குள் அந்நூல் வீடுகளிலும் பேருந்துகளிலும் மதுக்கடைகளிலும் உரக்க வாசிக்கப்படலாயிற்று. மதுக்கடையில் வாசிப்பவர் கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிடுவாராம். கேட்போர் அவர் குவளையை நிரப்பிய பின்னரே அடுத்த பக்கம் புரளும் என்று கூகி பதிவுசெய்துள்ளார்.