மஅபர்க் கடலை நீந்திக் கடந்தோர்

அரபு மாலுமிகளும் வணிகர்களும் நமது தென்கிழக்குக் கரைக்கு இட்டு வழங்கிய பெயர் 'மஅபர்' என்பதாகும். கடக்குமிடம் என்பது அச்சொல்லின் பொருள். கீழைக் கடலுக்கும் மேலைக் கடலுக்கும் இடையே சென்றுவந்த மரக்கலங்களுக்கு இக்கரை ஒரு துறையாக விளங்கிற்று. கலங்களில் கடந்தோர் வரலாறு நம்மிடையே ஓரளவு எழுதப்பட்டுள்ளது. கலத்தை விட்டிறங்கித் தம் கை கால்களை மட்டுமே நம்பி இக்கடலைக் கடந்தோரும் உளர். அவர்தம் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

முதலில் கடலின் இயல்பை அறிதல் வேண்டும். தனுஷ்கோடி முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இடையே ஆதம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் வழங்கப்பெறும் மணல்திட்டுகள் வரிசையாய்க் கிடக்கின்றன. வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. இராமேசுவரம் தீவினர் வடகடலைப் பெண் கடல் என்றும், தென்கடலை ஆண் கடல் என்றும் கூறுவர். ஒன்று அடங்கியது, மற்றொன்று ஆர்ப்பரிப்பது. இவ்விரு கடல்களின் நீரும் மணல்திட்டுகளின் இடைவெளிகள் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்கின்றது. வாடைக் காலத்தில் ஒரு திசையிலும், தென்மேற்குப் பருவக் காற்று வீசுங்காலத்தில் எதிர்த் திசையிலும் ஓடும் இந்நீரோட்டத்தை மீனவர் 'நீவாடு' என்பர். இரு பருவங்களுக்கும் இடையே, பங்குனி சித்திரையையொட்டிய நாள்களில் மட்டும் கடல் சற்றே இளகி நிற்கும். நீந்த வருவோர் பெரும்பாலும் அந்நாள்களையே தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுவே.

இக்கடலில் காற்றோடு போராடி நீந்திய ஒருவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றை இப்னு பதூதாவின் பயண நூல் நமக்குத் தருகின்றது. 1344ஆம் ஆண்டில் அவர் இலங்கையின் புத்தளத்திலிருந்து மஅபருக்குக் கலமேறினார். வழியில் காற்று மூண்டது. கலம் ஆழமற்ற இடத்தில் சிக்கிச் சேதமுற்றது. பாய்மரத்தை வெட்டியெறிந்தனர். மாலுமிகள் மரங்களைப் பிணைத்து ஒரு மிதவை அமைத்தனர். அதில் அனைவருக்கும் இடமில்லை. இப்னு பதூதா தம் தோழர் இருவரையும் அடிமைப் பெண்கள் இருவருள் ஒருத்தியையும் அதில் செல்லுமாறு பணித்தார். அப்போது மற்றைய பெண், தனக்கு நன்கு நீந்தத் தெரியும் என்றும், மிதவையின் கயிற்றைப் பற்றிக்கொண்டு உடன் நீந்திச் செல்வதாகவும் கூறினாள். அவ்வாறே நீந்திக் கரையும் சேர்ந்தாள். இப்னு பதூதாவோ நீர் புகுந்துகொண்டிருந்த கலத்தின் பின்மேடையில் ஏறி விடியும் வரை காத்திருந்தார். பொழுது விடிந்ததும் இக்கரையின் மக்கள் சிலர் படகில் வந்து அவரைக் கரை சேர்த்தனர்.

இந்நிகழ்ச்சியில் நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. மிதவையில் சென்ற தோழர் ஒருவரின் பெயரையும், அவர் தந்தையின் பெயரையும் நூல் கூறுகின்றது. நீந்திச் சென்ற பெண்ணின் பெயரைக் கூறவில்லை. படகோடு வந்து உயிர்காத்த கரைவாசிகளின் பெயர்களையும் கூறவில்லை.

கடலில் ஒருவர் செய்யும் அருஞ்செயலுக்குப் பின்னே மற்றொருவர் கை இருக்கும் என்பதை இக்கரையின் பழந்தொழிலாகிய முத்துக்குளிப்பு நன்கு உணர்த்தும். கீழக்கரை முஸ்லிம்களும் பரதவரும் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். குளிப்பவர் கல்லின் பாரத்தால் அடியில் இறங்குவார். படகிலிருப்பவர் கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார். நீருக்குள் மூச்சடக்கும் நேரம் ஒரு நிமிடம், சற்றே மிகுதி. அந்நேரத்தில் குளிப்பவரின் உயிர் கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. ஆதலின் கயிற்றை மைத்துனரிடமே கொடுப்பர் என்பது கடற்கரை வழக்கு.

இனி, நம் காலத்திற்கு வருவோம். 1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை வரை 27 மணி நேரம் நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்த முதல்வரானார்.

பத்தாண்டுகளுக்குப் பின், 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் புகைவண்டியைக் கடல் வாரிக்கொண்டது. அதிலிருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகமும் நிலையமும் குடியிருப்பும் பாழாயின. அவ்விரவில் எந்த நீச்சலும் உதவவில்லை. எந்தப் படகும் புறப்பட இயலவில்லை.

அப்பாழ்நிலம் நோக்கித்தான் 1966 ஏப்ரல் 5ஆம் நாள் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து நீந்தத் தொடங்கினார். வங்கத்தவரான அவர் சட்டம் பயில இங்கிலாந்து சென்றவர். பலமுறை முயன்று தவறிய பின், 1958 செப்டம்பர் 27ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை 14 மணி 45 நிமிடங்களில் கடந்த முதல் இந்தியர். பாக்கு நீரிணை முயற்சிக்கு வேண்டிய பணத்தின் ஒரு பகுதியைக் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளேடு அளித்தது. எஞ்சியது கிடைக்கப் பிரதமர் இந்திரா காந்தி உதவினார். கடற்படைக் கலங்கள் உடன் சென்றன. ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்து, 25 மணி நேரத்திற்கும் மேலாக நீந்தி, மறுநாள் அவர் தனுஷ்கோடி மணலில் கால் வைத்தார். அவ்வாண்டிலேயே ஜிப்ரால்டர், தார்தனல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகளையும் பனாமாக் கால்வாயையும் நீந்தி முடித்தார்.

ஆங்கிலக் கால்வாயின் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். நீரோ உடலை விறைக்கச் செய்யும் குளிருடையது. அதனினும் குறுகியதும் வெதுவெதுப்பானதுமான நம் கடலில் அதே மனிதருக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் கூடுதலாயிற்று. காரணம் யாது? அசைவற்ற நீரில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நீந்துபவர் பத்து மணி நேரத்தில் 30 கிலோமீட்டரைக் கடந்துவிடலாம். நீவாடு குறுக்கே இழுக்குமாயின் அவர் முன்னே செல்லும் அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளப்படுவார். எதிர்க்காற்று எழுந்தால், நீந்திக்கொண்டே நின்ற இடத்தில் நிற்க நேரும். உப்பு நீரால் நாவும் உதடும் வீங்கும், வெயில் முதுகை எரிக்கும், சொறிமீன் தீண்டும். நீந்துபவருக்கோ கண்முன் அலையன்றி வேறொன்றும் புலப்படாது. திசை காட்டுவதும், நீவாடு மாறும் வேளையைக் கணிப்பதும், உணவும் குடிநீரும் நீட்டுவதும், இரவில் விளக்கேந்தி வருவதும், 'போதும்' என்று நிறுத்தும் பொறுப்பை ஏற்பதும் படகிலிருப்போரே. நெடுநீச்சல் மரபின்படி நீந்துபவர் படகைத் தொடலாகாது. தொட்டால் அம்முயற்சி செல்லாது. எட்டிப் பிடிக்கும் தொலைவில் இருந்தும் தொடாமல் செல்லும் அவர் உறுதி பெரிது. கண்ணிமைக்காமல் காத்துவருவோர் பொறுமையும் சிறிதன்று.

1971இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து, மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தித் திரும்பினார். இதற்கு அவருக்கு 51 மணி நேரம் ஆயிற்று. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர்நீத்தார். படகு உடன் சென்றும் உயிர் காக்க இயலாத வேளையும் உண்டென்பதை அவர் முடிவு காட்டுகின்றது. 1994இல் 12 வயதுச் சிறுவர் குற்றாலீசுவரன் இந்நீரிணையைக் கடந்தார். 2022 மார்ச்சு 20ஆம் நாள், ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடுடைய 13 வயதுச் சிறுமி ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 10 நிமிடங்களில் நீந்தி வந்தார்.

1344இல் கயிற்றைப் பற்றி நீந்திய பெண்ணின் பெயர் மறைந்தது. 2022இல் நீந்திய சிறுமியின் பெயரை நாடு அறியும். இவ்வளவில் வரலாறு எழுதும் முறை திருந்தியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் படகில் இருந்தோரின் பெயர்கள் இன்றும் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பாம்பன், இராமேசுவரம், மண்டபம், கீழக்கரை, பெரியபட்டினம் முதலிய ஊர்களில் கயிறு பிடித்தவர்களின் வழியினரும், சுக்கான் பிடித்தவர்களின் பிள்ளைகளும் இன்றும் வாழ்கின்றனர். 1964இல் பத்து வயதினராய்ப் புயலைக் கண்டவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். அவரிடம் கேட்டறியும் காலம் குறுகியது.

ஆதலின் நம் குடும்பங்கள் ஒன்று செய்யலாம். வீட்டிலுள்ள முதியோரிடம், எவர் எவருக்குக் கயிறு பிடித்தார், எந்தப் படகு எவரைக் கரை சேர்த்தது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்வோம். கேட்டதை ஊர், ஆண்டு, பெயர் சேர்த்து எழுதி வைக்கச் சொல்வோம். மஅபரின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம் அதுவே.