குழலும் குண்டும் தோட்டாவும்: மன்னார்க் கரையின் துவக்கு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மன்னாரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் முத்துக்குளிப்பையும் கோட்டையையும் மதமாற்றத்தையும் விரித்துரைத்துள்ளனர். அக்கோட்டையின் கொத்தளங்களில் நின்ற துவக்குகளுக்கு இரை எவ்வாறு கிடைத்தது என்னும் வினா அத்துணை கவனம் பெறவில்லை. துவக்கு என்பது தன்னளவில் ஓர் இரும்புக் குழல் மாத்திரமே. குழலின் உள்விட்டத்திற்கு இசைந்த குண்டும் அக்குண்டிற்கு அளவான மருந்தும் கிடைத்தாலன்றி அது ஒரு தடிக்கு மேற்பட்டதாகாது. குண்டை வார்க்கும் அச்சு எவர் கையில் இருந்ததோ அவரே துவக்கின் உண்மையான உடைமையாளர் எனலாம். மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் இவ்வுண்மை எவ்வாறு தொழிற்பட்டது என்பதே ஈண்டு நோக்கப்படுகின்றது.

1560இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தபின் மன்னாரில் கோட்டை அமைத்தனர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கொடி மூன்று முறை மாறினும் கோட்டையின் வழங்கல் முறை மாறவில்லை. பீரங்கியும் குண்டும் மருந்தும் கடல்வழியே வந்தன. உள்நாட்டின் நிலை வேறு. அங்கு இரும்பு உருக்கும் கொல்லர் இருந்தனர். குகைகளில் வெடியுப்பும் கிடைத்தது. 1821இல் வெளிவந்த தமது நூலில் மருத்துவர் ஜோன் டேவி அத்தகைய குகைகளை வருணித்துள்ளார். கந்தகம் ஒன்றே கடற்கரை வழியாக வந்து சேரவேண்டிய பொருள். கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே கிடந்த காட்டின் தன்மையை றொபேட் நொக்ஸின் வரலாற்றால் உணரலாம். 1660இல் சிறைப்பட்ட அவர், அருவியாற்றின் போக்கைப் பின்பற்றி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தது 1679 ஒக்டோபரிலேதான்.

உள்நாட்டுக் கொல்லன் செய்த குழல்கள் ஒன்றைப்போல் ஒன்று இரா. ஆதலின் ஒருவனது குண்டு மற்றொருவனது துவக்கிற்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. எனினும் வாய்வழி மருந்திட்டு இடிக்கும் துவக்கில் இக்குறை பெரிதன்று. சற்றுச் சிறிய குண்டைத் துணியில் பொதிந்து இறுக்கினால் இடைவெளி அடைபடும். குண்டு இல்லாவிடத்துச் சன்னங்களும் உதவும். பொருந்தாமையைப் பொறுத்துக்கொள்ளும் இந்த இயல்பே அத்துவக்கின் பெரும்பலம். பிற்காலத்தார் இதனைக் குறைபாடாக மட்டுமே கண்டனர்.

பொருத்தம் நுட்பமாகியபோது நிலைமை மாறிற்று. இதற்குச் சிறந்த சான்று சாமுவேல் பேக்கரின் றைபிளாகும். நுவரெலியாவில் குடியேறியவரும், அரிப்பு முத்துக்கரையைப் பற்றித் தம் நூலில் எழுதியவருமான இவ்வேட்டைக்காரர், இருபது வயதும் நிரம்பாத காலத்தில், 1840இல், பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரைக் கொண்டு தமக்கென ஒரு றைபிளைச் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். ஒரு வெடிக்கு இட்ட மருந்து 16 திராம், அதாவது ஓர் அவுன்சு முழுமையும். குழலின் உட்புறத்தில் இரண்டு சுருட்பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. உருண்டைக் குண்டைச் சுற்றி ஒரு பட்டி புடைத்து நிற்கும். அப்பட்டி பள்ளங்களிற் பொருந்தி வழுக்கிச் செல்லவேண்டும். வேறெந்தக் குண்டும் அதற்கு ஆகாது. எனவே இத்தகைய றைபிளுக்கு அதற்கெனவே வெட்டிய வார்ப்பச்சு இன்றியமையாதது. ஈயமும் கருமருந்தும் அச்சும் கைவசம் இருக்கும்வரை, இலங்கைக் காட்டின் நடுவே இருந்தும் பேக்கர் பிறிஸ்டலுக்கு ஆள் அனுப்பவேண்டிய தேவை இருக்கவில்லை. அச்சு தொலைந்தால் 21 இறாத்தல் இரும்பும் சுமையே.

பித்தளைத் தோட்டா வந்தபின் அச்சு மேலும் சிக்கலாயிற்று. 1866இல் பிரித்தானியப் படை சினைடர் துவக்கை ஏற்றது. அதற்கென வூல்விச்சில் பொக்சர் அமைத்த தோட்டாவின் கூடு பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. பின்னர் ஒரே துண்டாக இழுத்துச் செய்த கூடுகள் வழக்கிற்கு வந்தன. எழுபது பங்கு செப்பும் முப்பது பங்கு நாகமும் கலந்த பித்தளை இதற்கு ஏற்றதாயிற்று. வெடிக்கும் கணத்தில் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிப் பின்புறம் புகை கசியாது தடுக்கும். உடனே சிறிது சுருங்கி வெளியே எடுக்க இடந்தரும். இரும்போ தாளோ இவ்வளவு இணக்கமாக நடந்துகொள்வதில்லை.

வெடித்த கூட்டை எறியாமல் மீண்டும் நிரப்பலாம் என்பதைக் குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த வேட்டைக்காரர் விரைவில் உணர்ந்தனர். ஆயின் விரிந்த கூடு பழைய அளவுக்குத் திரும்பவேண்டும். அதற்கென்று அமைந்த எஃகு அச்சினுள் கூட்டை அழுத்துவர். அதே றைபிளில் வெடித்த கூடாயின் கழுத்தை மட்டும் ஒடுக்கும் அச்சே போதும். பிறருடைய றைபிளில் வெடித்ததாயின் உடல் முழுவதையும் ஒடுக்கும் அச்சு வேண்டும். கடையிற் கிடைக்காத தனி அளவுத் தோட்டாவுக்கு றைபிள் செய்வித்தவர்க்கு இத்தேர்வு இன்னும் கடினம். அறையைக் குடைந்த கருவியின் அளவுக்கே அச்சும் குடையப்படவேண்டும். அல்லது அந்த றைபிளில் வெடித்த கூடுகள் சிலவற்றை அச்சுச் செய்வோனிடம் மாதிரியாகக் கொடுக்கவேண்டும். கூடுகளை ஆயத்தம் செய்வதும் பொறுமைக்குரிய வேலை. ஒரே தொகுதியிற் செய்யப்பட்டவற்றைத் தெரிந்து, நிறுத்து, நீண்டவற்றின் வாயை ஒரே அளவுக்குச் சீவுவர். பலமுறை ஒடுக்கிய பித்தளை கடினமாகிக் கழுத்தில் வெடிக்கும். அதனைத் தணிக்கக் கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்குவர். அடிப்பகுதி இளகினால் வெடிப்போன் கண்ணுக்கே கேடு. பொக்சரின் வெடிமூடிக்கு அடியில் துளை ஒன்றே உண்டாதலால் பழைய மூடியை ஒரு கம்பியால் எளிதில் தள்ளிவிடலாம். அமெரிக்கரான பேடன் அமைத்ததற்குத் துளை இரண்டு. ஆங்கிலேயரின் அமைப்பை அமெரிக்கரும் அமெரிக்கரின் அமைப்பை ஐரோப்பியரும் விரும்பி ஏற்றது தொழில்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பித்தளைக்கு வெப்பநாட்டிலே மற்றுமொரு பகையும் இருந்தது. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரைலாயங்களை அண்டிச் சேமித்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே பிளந்தன. இதற்குப் பருவ வெடிப்பு எனப் பெயரிட்டனர். ஈரக் காற்றும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், இழுத்துச் செய்தபோது உலோகத்தினுள் தங்கிய இறுக்கமும் கூடியதன் விளைவே இது என்பதை 1921இல் மூர் முதலான ஆய்வாளர் தெளிவுபடுத்தினர். அளவான சூட்டில் இறுக்கத்தைத் தணிப்பதே இதற்கும் மருந்தாயிற்று.

இவ்வளவு ஏற்பாடும் மன்னார்ப் பெருநிலத்தின் சேனைக்காரனுக்கு எட்டக்கூடியதா? பன்றியும் மானும் யானையும் பயிரை அழிக்கும் இரவில் அவனுக்குத் துவக்குத் தேவைப்பட்டது. தோட்டா வாங்கப் பணமும் நகரமும் வேண்டும். மீள்நிரப்ப அச்சும் வெடிமூடியும் வேண்டும். அவை யாவும் கடல்கடந்து வருபவை. செல்வந்தரும் இத்தளையிலிருந்து முற்றாகத் தப்பவில்லை. 1911இல் றிக்பி நிறுவனம் வெளியிட்ட .416 போன்ற தோட்டாக்கள் நிறுவனங்களின் தனியுடைமையாகவே புறப்பட்டன; றைபிளை விற்றவரிடமே தோட்டாவுக்கும் செல்லவேண்டும் என்பது அவ்வணிகத்தின் உட்கிடை. கோட்டைக்குக் கடல்வழி வந்த வழங்கல் இப்போது தனிமனிதனின் தோள்வரை நீண்டது.

ஆகவே வன்னியிலும் மன்னார்க் காட்டோரங்களிலும் இடியன் துவக்கு நிலைத்தது வியப்பன்று. வாய்வழி மருந்திட்டு இடிப்பதால் வந்த பெயர் அது. அதனைப் பிற்பட்ட நிலையின் அடையாளமாகக் கூறுவது பொருந்தாது. ஊர்க்கொல்லனால் திருத்தக்கூடியதும், எந்த நிறுவனத்தின் அச்சுக்கும் கட்டுப்படாததும் அதுவே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம் துவக்கை உரிமப்பத்திரத்துக்குள் கொணர்ந்தது. கரையின் தெற்கே வில்பத்துக் காடு 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசிய வனமாகவும் ஆக்கப்பட்டது. பயிர்காத்தவன் களவு வேட்டைக்காரனாக எண்ணப்படும் நிலை இவ்விரண்டாலும் எழுந்தது. எனினும் இடியனின் மறுமுகத்தையும் மறைத்தலாகாது. ஆளின்றி விலங்கின் தடத்திற் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு அதே கொல்லன் பட்டறையிற் பிறந்தது. விறகுக்கும் தேனுக்கும் காடேகியவர் பலரின் கால்களை அது முறித்துள்ளது. யானைகள் புண்பட்டு நாட்கணக்கில் அலைந்து மடிந்துள்ளன.