ஜல்லிக் குவியலும் சர்க்கார் பொறுப்பும்

அரசாங்கத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியுமா என்று இந்தியாவில் யார் கேட்டாலும், வக்கீல்கள் முதலில் புரட்டுவது ஒரு குதிரையின் கதையை. 1861இல் கல்கத்தா சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு அது. கார்டன் ரீச்சிலிருந்து நகரத்துக்குள் வந்துகொண்டிருந்தது பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியின் இரட்டைக் குதிரை வண்டி. கிதர்பூரில் சர்க்காருக்குச் சொந்தமான கப்பல் பட்டறையை ஒட்டி ரோடு போகிறது. பட்டறைக் கூலியாட்கள், சர்க்கார் கப்பல் ஒன்றின் புகைபோக்கிக்காக 8, 9 அடி நீள இரும்புத் துண்டைத் தூக்கிக்கொண்டு நடு ரோட்டில் போகிறார்கள். வண்டிக்காரர் வேகத்தைக் குறைக்கிறார். முன்னால் பிடித்தவர்கள் ஒரு பக்கம் ஒதுங்கப் பார்க்க, பின்னால் பிடித்தவர்கள் மறுபக்கம் இழுக்கிறார்கள். அதற்குள் வண்டி கிட்டே வந்துவிட்டது. பயந்துபோய் இரும்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அது விழுந்த சத்தத்தில் மிரண்ட குதிரைகள் பாய்ந்து அதன் மேலேயே விழுந்தன. ஒரு குதிரைக்குக் காயம். கம்பெனி கேட்டது 350 ரூபாய்.

சின்னத் தொகை என்பதால் ஸ்மால் காஸ் கோர்ட்டில் தொடங்கிய வழக்கு அது. கேள்வி பெரிது என்பதால் நீதிபதி அதை மேலே அனுப்பினார். சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு வந்த 1858ஆம் வருடச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் மேல் எந்தெந்த வழக்கைப் போட்டிருக்கலாமோ அதையெல்லாம் இனி இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் மந்திரியான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் மேல் போடலாம் என்றது. கம்பெனியோ ஒரு கையில் தராசு, மறு கையில் செங்கோல் என்று இருந்த ஆசாமி. எந்தக் கையால் செய்த காரியத்துக்குப் பொறுப்பு? தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் இரண்டையும் பிரித்தார். தனியார் யாரும் செய்யக்கூடிய வேலையைச் சர்க்கார் செய்து, அதில் கவனக்குறைவு நேர்ந்தால் சர்க்கார் பதில் சொல்லியாக வேண்டும். ஆள்பவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்றால் வேண்டாம். கப்பல் பட்டறையைத் தனியாரும் நடத்தலாம். எனவே குதிரைக்காரர் பக்கம் தீர்ந்தது.

மோட்டார் விபத்து வழக்குகளே பிழைப்பாகிப்போன எனக்கு இந்தத் தீர்ப்பில் ஒரு குறை உண்டு. ரோட்டில் போனவருக்கு என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்பது இரண்டாம் கேள்வியாகிவிட்டது. அந்த நேரத்தில் சர்க்கார் எந்தத் தொப்பியைப் போட்டிருந்தது என்பதுதான் முதல் கேள்வி. 160 வருடங்களுக்கு மேலாகியும் அந்த வரிசை முழுசாக மாறவில்லை.

கேள்வியை அப்படிப் போட்டால் பதில் எப்படியும் வளையும். எங்கள் சென்னை உயர்நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1882இல் உப்பு வரி சம்பந்தமான ஹரி பான்ஜி வழக்கில் அது சர்க்காருக்கு இருந்த பாதுகாப்பை நன்றாகவே சுருக்கியது. வேற்று நாட்டோடு செய்யும் ராஜாங்கக் காரியங்களைத் தவிர, சட்டத்தைக் காட்டிச் சர்க்கார் செய்கிற எதையும் கோர்ட் விசாரிக்கலாம் என்கிற அளவுக்குப் போனது. அதே கோர்ட், 1915ஆம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கும் காக்கிராஃப்ட் வழக்கில், ஒரு ஜல்லிக் குவியலின் முன்னால் பின்வாங்கிவிட்டது. பொதுப்பணித் துறை பராமரித்த ராணுவ ரோட்டில் சரளையைக் கவனமில்லாமல் குவித்து வைத்ததால் வண்டி விபத்தாகி அடிபட்டதாக வழக்கு. ரோடு போடுவதும் பராமரிப்பதும், அதிலும் ராணுவ ரோடு என்றால், ஆள்பவரின் வேலை. தனியார் செய்யும் தொழில் அல்ல. ஆகவே நஷ்டஈடு கிடையாது என்று தீர்ப்பு. அதற்குச் சில வருடம் முன்பு, 1911இல், பொது ரோட்டில் நட்டிருந்த கம்பத்தில் மோதி அடிபட்டவரையும் கல்கத்தா கோர்ட் இதே மாதிரி வெறுங்கையோடு அனுப்பியிருந்தது.

ஆக, ரோட்டில் கிடந்த இரும்புக்கு நஷ்டஈடு உண்டு, ரோட்டில் கிடந்த ஜல்லிக்குக் கிடையாது. இரும்பு கப்பலுக்குப் போனது, ஜல்லி ரோட்டுக்கே வந்தது என்பதுதான் வித்தியாசம்!

அந்த ஜல்லிக் குவியலை எனக்கு வீட்டிலேயே தெரியும். அப்பா நெடுஞ்சாலையில் ஓவர்சியர். கப்பி ரோடு காலத்தில் கான்ட்ராக்டர் ஜல்லியைக் கொண்டுவந்து ரோட்டோரத்தில் ஒரே அளவாக, மேலே குறுகிக் கீழே அகன்ற குவியல்களாக அடுக்கிவைக்க வேண்டும். டேப் பிடித்து நீளம், அகலம், உயரம் பார்த்து எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் அதைப் பரப்பலாம். பரப்பிவிட்டால் பிறகு அளக்க முடியாது, பில் பாஸாகாது. மேலதிகாரி வந்து சரிபார்க்கிற வரைக்கும் குவியல் நகரக் கூடாது. அவர் ஜீப் வருவதற்குள் சில சமயம் அமாவாசை வந்துவிடும். குவியலின் இரண்டு முனையிலும் சுண்ணாம்பு அடித்த கல்லும், சிவப்புத் துணி சுற்றிய அரிக்கேன் விளக்கும் வைக்க வேண்டும் என்பது முறை. விளக்குக்கு மண்ணெண்ணெய் யார் கணக்கு என்பதில் கான்ட்ராக்டருக்கும் கேங் மேஸ்திரிக்கும் ஓயாத தகராறு. “ஜல்லியை அளக்க புக் இருக்கு, வெளக்க அளக்க புக் இல்லையே” என்பார் அப்பா. அந்த வாக்கியத்தை காக்கிராஃப்ட் வழக்கில் யாராவது சொல்லியிருந்தால், அது ஆட்சியதிகாரம் அல்ல, சாதாரண வேலைத்தள அலட்சியம் என்று நீதிபதிகளுக்குப் புரிந்திருக்கலாம்.

இங்கிலாந்தின் நிழலும் இதில் விழுந்தது. 1788இல், பழுதான பாலத்தால் சேதமான சரக்கு வண்டிக்காக டெவன் மாவட்ட ஜனங்கள் மேல் போட்ட வழக்கு தள்ளுபடியானது. வழக்கைத் தாங்க ஓர் அமைப்பும் இல்லை, பணம் எடுக்க ஒரு நிதியும் இல்லை. பொதுமக்கள் தொந்தரவுபடுவதைவிடத் தனியாள் ஒருவர் நஷ்டப்படுவதே மேல் என்று நியாயம் சொன்னார்கள். ரோட்டைத் தோண்டிப்போட்டு ஆபத்தை உண்டாக்கினால் பொறுப்பு, ரிப்பேர் செய்யாமல் சும்மா இருந்தால் பொறுப்பில்லை என்ற விதி அந்த மண்ணில் வளர்ந்தது. இங்கிலாந்து 1961இல் சட்டம் போட்டு அதை ஒழித்தது. நகராட்சிகள் தாராளமாகச் சும்மா இருக்கிற நம் ஊரில், அந்த வாதத்தை இன்றும் எதிர்மனுக்களில் படிக்கிறேன்.

சுதந்திரம் வந்ததும் எல்லாம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அரசியல் சாசனத்தின் 300ஆவது பிரிவு பழைய பிரிவையே வேறு சொற்களில் தொடர்ந்தது. தராசும் செங்கோலும் குடியரசுக்கும் வாரிசுச் சொத்தாக வந்தன. இந்திய சட்ட கமிஷன் 1956இல் கொடுத்த முதல் அறிக்கையே இந்த விஷயம் பற்றித்தான். சட்டம் இயற்றச் சொன்னது. 1962இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு மறுபடியும் ஒரு ரோட்டு விபத்து வந்தது. உதய்பூரில், ரிப்பேர் பார்த்த கலெக்டர் ஜீப்பை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓட்டிவந்த டிரைவர், நடந்துபோனவர் மேல் மோதி அவர் இறந்தார். 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்ற ராஜஸ்தான் தீர்ப்பை சுப்ரீம் கோர்ட் உறுதிசெய்தது. பிறகு கஸ்தூரிலால் வழக்கில், போலீஸ் கைப்பற்றி வைத்திருந்த தங்கத்தை ஏட்டு எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்ட கதையில், போலீஸ் வேலை ஆள்பவரின் வேலை என்று சொல்லிக் கைவிரித்தது. கைவிரித்த நீதிபதிகளே பார்லிமென்ட் சட்டம் போட வேண்டும் என்று கேட்டார்கள். 1965இலும் 1967இலும் மசோதாக்கள் வந்தன. இரண்டும் சட்டமாகவில்லை.

பார்லிமென்ட் தூங்கிய இடத்தில் கோர்ட்டுகள் ஒவ்வொரு பள்ளமாக நிரப்பின. எனக்குப் பிடித்தது 1978இல் வெளியான அலகாபாத் தீர்ப்பு. ஜான்பூர் நகராட்சி ரோட்டில் குழி வெட்டிப்போட்டது. விளக்கு இல்லை, தடுப்பு இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை. ராத்திரி சைக்கிளில் வந்தவர் விழுந்தார். உன் சைக்கிளிலும் விளக்கு இல்லையே என்று நகராட்சி மடக்கியது. கோர்ட் மசியவில்லை; விபத்துக்குக் காரணம் நகராட்சியின் குழிதான் என்றது. ரோட்டோர மரங்களின் கதை வேறு மாதிரி. ராஜ்கோட்டில் மரம் விழுந்து வழிப்போக்கர் இறந்ததற்கு மாநகராட்சி பொறுப்பில்லை என்றது 1997இல் சுப்ரீம் கோர்ட். டெல்லியில் ஸ்கூட்டரில் போனவர் மேல் கிளை விழுந்ததற்கு மாநகராட்சி பொறுப்பு என்றது 1999இல். இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் வாதாடுகிறோம்.

கோர்ட் மேல்மட்டத்தில் சொல்வது கீழே எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு ஒரு காகிதத்தைக் காட்டுகிறேன். ஓர் அம்மா எஃப்.ஐ.ஆர். நகலோடு வந்தார். கணவர் ராத்திரி பைக்கில் வரும்போது, மழைத் தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் இறங்கித் தலைகுப்புற விழுந்து இறந்துவிட்டார். மோதிய வண்டி எதுவும் இல்லை. காகிதத்தில் எதிரி என்ற இடத்தில் கணவர் பெயரே இருந்தது. “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி நிலைதடுமாறி” என்று வழக்கமான வாசகம். எதிரி இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை இல்லை என்று வழக்கு முடிந்தது. அந்த அம்மா எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டு, “ஐயா, பள்ளம்னு ஒரு வார்த்தைகூட இல்லையே?” என்றார்.

அந்த ஒரு வார்த்தை இல்லாததால் என்னென்ன போகும் என்று பாருங்கள். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம், இன்னொரு வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கித்தரத் தோதான இடம். தானே விழுந்தவருக்கு, அவர் வண்டியின் உரிமையாளராகவும் லைசென்ஸ் உள்ளவராகவும் இருந்து, கட்டாய விபத்துக் காப்பீடும் எடுத்திருந்தால் 15 லட்சம் வரும். இல்லாவிட்டால் அதுவும் சந்தேகம். ரோட்டுக்காரரைப் பிடிக்க வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவுப்படி அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ். கேட்கிற தொகைக்கு ஏற்ற கோர்ட் ஃபீஸ். தமிழ்நாட்டில் 2017 வரை நூற்றுக்கு ஏழரை ரூபாய், இப்போது மூன்று. அதற்கு மேல், அந்தப் பள்ளம் அன்றைக்கு அங்கே இருந்தது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

இந்தப் பூட்டை அசைத்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர், அதுவும் வக்கீல் அல்ல. எலும்பு முறிவு டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட பொதுநல வழக்கால்தான், 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி வந்தது. அதே வழக்கு வழியாகத்தான் 2013 முதல் 2017 வரை ரோட்டுப் பள்ளங்களால் மட்டும் 14,926 பேர் இறந்தார்கள் என்ற கணக்கு 2018இல் கோர்ட்டின் முன்னால் வந்தது. ரோட்டைப் பராமரிக்க வேண்டியவர்களே பொறுப்பு என்று நீதிபதிகள் கோபமாகவே சொன்னார்கள். 2019இல் கர்நாடக உயர்நீதிமன்றம், நல்ல ரோடு என்பது வாழும் உரிமையின் பகுதி, பள்ளத்தால் அடிபட்டவர் பெங்களூரு மாநகராட்சியிடம் நஷ்டஈடு கேட்கலாம் என்றது. 2025 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் பள்ளத்தாலும் திறந்த சாக்கடைக் குழியாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம், காயத்துக்கு 50,000 முதல் இரண்டரை லட்சம் வரை என்று தொகையே குறித்துவிட்டது. எந்தத் தொப்பி என்ற கேள்வி இந்தத் தீர்ப்புகளில் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது.

பார்லிமென்டும் 2019இல் ஒன்று செய்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ரோடு தரமில்லாததால் சாவோ ஊனமோ நேர்ந்தால் ரோட்டுக்குப் பொறுப்பான அமைப்புக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அபராதப் பணம் விபத்து நிதிக்குப் போகும், அந்த அம்மாவுக்குப் போகாது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகு, மிச்சமிருக்கும் தடை போலீஸ் ஸ்டேஷன் மேஜை மேல்தான் இருக்கிறது. இப்போது சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐ-ராட் செயலியில் விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் பதிவு செய்தால், ரோட்டு விவரத்தை ரோட்டுத் துறை இன்ஜினியர் நிரப்ப வேண்டும். ரோட்டின் சொந்தக்காரரே ரோட்டுக்குச் சான்றிதழ் கொடுக்கிறார். அவரையே நம்பியிருக்காமல், விபத்து நடந்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: போலீஸ் எழுதும் பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் பள்ளத்தின் நீளம், அகலம், ஆழத்தை எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ செருப்பையோ வைத்து போட்டோ எடுங்கள். வருடக் கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத பள்ளம், சாவு விழுந்த மறுநாள் காலையில் தார் ஊற்றி மூடப்பட்டிருக்கும். அந்த வேகத்தில் நம் துறைகளை யாரும் குறை சொல்ல முடியாது.