மீனில் பழுதில்லை, பதிவுதான் இல்லை



2002க்கும் 2006க்கும் இடையில் ஓமந்தையிலும் எங்கள் புளியங்குளத்திலும் சோதனைச் சாவடிகள் இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. லொறியில் வந்த சாமானை இறக்கிக் காட்டி, திரும்ப ஏற்ற வேண்டும். அரிசி மூட்டை காத்திருக்கும், மீன் காத்திருக்காது. தடை என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் முழு இலங்கையின் மீனும் ஒரு வாசலில் நிறுத்தப்பட்ட கதையை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது குறைவு.

ஐரோப்பிய ஒன்றியம் மீன் வாங்கும்போது இரண்டு கேள்வி கேட்கும். முதலாவது, மீன் சுத்தமானதா? ஐஸ் குறைந்தால் சூரை இன மீன்களில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும். சமைத்தாலும் அது போகாது. அதனால்தான் அந்தச் சோதனை. இரண்டாவது, எந்தப் படகு, எந்தக் கடலில் பிடித்தது? இதற்கான சான்றிதழ் 2010 ஜனவரி 1 முதல் கட்டாயமானது.

இலங்கை அகப்பட்டது இரண்டாவது கேள்வியில். ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை, விதி மீறியவர்களுக்குத் தண்டனை போதாது என்று 2012 நவம்பரில் மஞ்சள் அட்டை வந்தது. 2014 ஒக்டோபரில் தடை அறிவிக்கப்பட்டு, 2015 ஜனவரி நடுப்பகுதியில் அமுலுக்கு வந்தது. 2013இல் மட்டும் 7 கோடியே 40 இலட்சம் யூரோ பெறுமதியான மீன் அங்கே போயிருந்தது. அந்த வாசல்தான் மூடப்பட்டது.

பிறகு சட்டம் திருத்தப்பட்டது. ஆழ்கடல் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டினார்கள். பிடித்த மீனுக்குப் பதிவேடு எழுதவைத்தார்கள். 2016 ஜூனில் தடை நீங்கியது.

முல்லைத்தீவில் கரைவலை இழுப்பவர் ஆழ்கடல் விதி எதையும் மீறியவரல்ல. ஆனாலும் தடை படகின் கொடியைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. விதியை எழுதுவது வாங்குகிற பணக்கார நாடு. அதன் செலவைச் சுமப்பது விற்கிற ஏழை. இந்த அநியாயத்தை நாங்கள் பேசத்தான் வேண்டும். ஆனால் கையில் பதிவு இல்லாதவன் பேச்சு எங்கும் எடுபடாது.

நண்டு, இறால் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் தொழிலில் இறங்கும் தம்பிமாரே, றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போடும்போது பக்கத்தில் ஒரு கொப்பியும் வையுங்கள். யாரிடம், எந்தக் கரையில், எத்தனை கிலோ, எப்போது வாங்கியது என்று அன்றன்றே எழுதுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால், அந்தக் கொப்பிதான் உங்களுக்காகப் பேசும்.