குறி ஒன்று, பதில் சொல்வது யார்?



"சேர், எண்ணக் கூட்டுறதுக்கும் தாயத்தக் கூட்டுறதுக்கும் ஏன் ஒரே குறி?" சாதாரண தர வகுப்பில் தோட்டத்து மாணவி ஒருவர் கேட்டார். வகுப்பே சிரித்தது. "புத்தகத்தில் அப்படித்தான்" என்று நாமும் கடந்துவிட்டோம். அது நம் பிழை. அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது.

கி.பி. 820 அளவில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் 'அல்-ஜப்ர்' என்ற சொல்லே 'அல்ஜிப்ரா' ஆனது. அட்சரகணிதத்துக்குப் பெயர் தந்த அந்த நூலில் குறிகளே இல்லை, எல்லாம் சொற்கள்தான். + குறி அச்சில் வந்தது 1489இல், ஜேர்மனியில் விட்மன் எழுதிய வணிகக் கணித நூலில். = குறியை 1557இல் வேல்ஸ் நாட்டு ரெக்கோர்ட் தந்தார். பின்னர் தாயங்கள் வந்தபோதும் பழைய குறிகளே போதும் என்றார்கள். மனிதருக்குப் பார்த்ததும் விளங்கும். கணினிக்கு விளங்காது.

செக் நாட்டு ஒன்டிரே செர்டீக் தொடங்கிய 'சிம்பை' என்ற இலவச அட்சரகணித மென்பொருளைப் பாருங்கள். அது பைதன் மொழியில் இயங்குகிறது. x + 1/2 என்று கொடுத்தால் x + 0.5 என்றே வரும். 1, 2 இரண்டும் பைதனின் சாதாரண எண்கள். சிம்பையைக் கேட்காமலே வகுத்தல் முடிந்துவிடுகிறது. இரண்டில் ஒன்றையாவது சிம்பையின் எண்ணாக எழுதினால் 1/2 பின்னமாகவே நிற்கும்.

காரணம் இதுதான். குறிக்கு இடப்பக்கம் உள்ளதை முதலில் கேட்பது பைதனின் பொது வழக்கம். அது தெரியாது என்றால் வலப்பக்கத்தைக் கேட்கும். கங்காணிக்குத் தெரியாவிட்டால் கணக்கப்பிள்ளையிடம் போவது போல.

இரண்டு பேரும் "எனக்குத் தெரியும்" என்றால்? x ஐத் தாயத்தால் பெருக்கும்போது, x அந்தத் தாயத்தையும் வெறும் எண்ணாக நினைத்துவிடலாம். தாயங்களில் AB வேறு, BA வேறு. அதனால் சிம்பை ஒவ்வொரு வகைக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுத்தது: சாதாரணக் கோவைக்கு 10, தாயக் கோவைக்கு 11. பெரிய எண் உள்ளதே பதில் சொல்லும்.

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டுக்காரர் வேலை என்று நினைக்காதீர்கள். நிறைவெண் தீர்வு தேடும் சமன்பாடுகளுக்கான சிம்பையின் பகுதியை 2013இல் எழுதியவர் நமது மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்.

அந்த மாணவி கேட்டதும், மென்பொருள் எழுதியவர்கள் விடை தேடியதும் ஒரே கேள்விக்குத்தான். பெற்றோரே, பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அடக்காதீர்கள். திங்கட்கிழமை அவரிடம் நாம் முதலில் மன்னிப்புக் கேட்போம். பிறகு பதில் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.