எஸ் சேராத பன்மைகள்



எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சைப் பற்றி இம்மாதம் சொல்ல விரும்புகிறேன். "ஃபைவ் மாங்கோ வாங்கினேன்" என்று தாய் சொல்ல, "மாங்கோஸ், அம்மா" என்று பிள்ளை திருத்தும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் ஆங்கிலம் நன்றாக விளங்கியும், பாடசாலைக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வரும் தாய்மார் இங்கே ஒனிஹங்காவில் இருக்கிறார்கள். ஒரு எஸ் விட்டுப்போனால் சிரிப்பார்களோ என்ற பயம். இந்த எஸ் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

முதலில் எங்கள் பழக்கம். தமிழில் எண் முன்னால் வந்தால் அஃறிணைப் பெயருக்குக் 'கள்' கட்டாயமில்லை. ஐந்து மாம்பழம், பத்து ஆடு, இரண்டு வீடு என்பவை நல்ல தமிழே. 'ஐந்து' என்ற சொல்லே பன்மையைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலமோ எண் இருந்தாலும் எஸ் கேட்கிறது. ஆகவே அந்தத் தாய் தமிழ் இலக்கணப்படிதான் பேசுகிறார். அது அறியாமை அல்ல.

ஆங்கிலத்திலும் எஸ் எப்போதும் ஆட்சி செய்யவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் பன்மைக்குப் பல வழிகள் இருந்தன. சில பெயர்களுக்கு 'அஸ்', சிலவற்றுக்கு 'அன்'. சிலவற்றில் உள்ளே இருக்கும் உயிர் ஒலி மாறும். சில மாறவே மாறா. வீட்டைக் குறிக்கும் ஹவுஸ் என்ற சொல்லுக்கே அன்று பன்மை விகுதி இல்லை. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்தன. 'அஸ்' என்பது எஸ் ஆகி மற்றவற்றை விழுங்கியது. தப்பிப் பிழைத்தவற்றைத்தான் பிள்ளைகள் இன்று பாடமாக்குகிறார்கள்: ஒக்ஸ் – ஒக்ஸன், ஃபுட் – ஃபீட், ஷீப் – ஷீப்.

சில்ட்ரன் இன்னும் வேடிக்கையானது. அதற்குப் பழைய பன்மை 'சில்டர்'. அது போதாதென்று பிறகு 'என்' சேர்த்தார்கள். நாங்களும் அப்படித்தான். பழந்தமிழில் 'அவர்' என்பதே பன்மை. அது மரியாதைக்கு ஒருவரைக் குறிக்கத் தொடங்கவே, மேலே 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்றோம்.

இனி நாங்கள் வாழும் மண்ணுக்கு வருவோம். ஒனிஹங்கா என்பது மாவோரிப் பெயர். 1847 இல் ஓய்வுபெற்ற பிரித்தானியப் படைவீரர் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன. அவர்கள் கொண்டுவந்த ஆங்கிலத்தில் எஸ் இருந்தது. மாவோரி மொழியில் அந்த ஒலியே இல்லை. அங்கே பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல் பன்மையைக் காட்டும். 'தெ ஃபரெ' என்றால் வீடு, 'ஙா ஃபரெ' என்றால் வீடுகள். அரிச்சுவடியோடு நாங்கள் விட்டுவிட்ட 'ஙா' அங்கே அன்றாடச் சொல்! சில பெயர்களில் குறில் நெடிலாகும்: 'வஹினெ' பெண், 'வாஹினெ' பெண்கள்.

ஆனால் ஆங்கிலத்தில் அந்த மக்களின் பெயரையே நெடுங்காலம் 'மாவோரிஸ்' என்று எழுதினார்கள். பாடசாலையில் தாய்மொழி பேசிய மாவோரிப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்ட எங்கள் மூத்தோருக்கு இந்த வலியை விளக்கத் தேவையில்லை. மாவோரி மக்கள் விட்டுவிடவில்லை. தங்கள் மொழியைப் பாடசாலைகளில் கற்பிக்கக் கோரி, 30,000 இற்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் 1972 இல் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1987 இல் மாவோரி அரசகரும மொழியாயிற்று. 1980களிலிருந்து பத்திரிகைகளும் அந்த எஸ்ஸைக் கைவிடத் தொடங்கின. இன்று இந்நாட்டு ஆங்கிலத்தில் ஒருவரும் மாவோரி, பலரும் மாவோரி. கிவிப் பறவையும் அப்படியே. நியூசிலாந்து மக்களைச் சொல்லும்போது மட்டும் கிவிஸ்.

தங்கள் மொழிக்காக நின்ற மக்கள் ஆங்கிலத்தின் பன்மை விதியையே ஓரிடத்தில் வளைத்திருக்கிறார்கள். அதற்காக நாங்கள் விதிகளைப் படிக்காமல் விடலாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சைக்கும் வேலைக்கும் அவை வேண்டும். எண்ணக்கூடிய பொருளுக்கு எஸ் போடுங்கள். ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன், ஹோம்வர்க் ஆகியவற்றுக்குப் போடாதீர்கள். பிள்ளை திருத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். 'அவர்கள்' வந்த கதையைப் பதிலுக்குச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த பாடசாலைக் கூட்டத்தில் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு வாருங்கள். ஆசிரியருக்குத் தேவை உங்கள் பிள்ளையைப் பற்றிய செய்தி. எஸ் இல்லாவிட்டாலும் அது அவருக்கு விளங்கும்.