திருவிதாங்கூரின் கேள்விப் பாட்டுகள்

விழிஞ்ஞத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, 1893-இல் வெள்ளைக் காளைகள் பூட்டிய வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். அவர் சார்ந்த புலையருக்கு அந்தச் சாலை மறுக்கப்பட்டிருந்தது. நடக்கும் வழி, உடுக்கும் உடை, நீர் இறைக்கும் கிணறு என எல்லாவற்றையும் சாதி வகுத்த நாடு திருவிதாங்கூர். அந்த வகுப்பை எதிர்த்த கேள்வி, வண்டி ஏறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பாட்டில் ஏறியிருந்தது.

தெற்குத் திருவிதாங்கூரின் சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டரின் வாக்காக, அவருடைய சீடர் அரிகோபாலன் சீடர் 1841-இல் அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார். அதில் திருவிதாங்கூர் மன்னர் கலிநீசன், ஆங்கிலேயர் வெண்ணீசன். கீழ்ச்சாதி மக்களை 'நீசர்' என்று இழித்த காலத்தில், அதே சொல்லை ஆள்வோர் மேல் திருப்பிப் போட்டது அம்மானை. அதன் ஆசானான வைகுண்டரை அதற்கு முன்பே, 1830களின் இறுதியில், திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அரசு அடைத்தது.

பாட்டில் சொன்னதை வைகுண்டரின் வழிபாடும் செய்து காட்டியது. தலைப்பாகை கட்ட உரிமையற்றிருந்தவர்கள் தலைப்பாகையோடு வழிபட்டார்கள். வழிபாட்டிடத்தின் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருந்தது. கும்பிட வந்தவர் தம் முகத்தையே கண்டார்.

அடுத்த தலைமுறையின் பெருங்குரல் பொய்கையில் அப்பச்சன் (1879–1939). இரவிபேரூரில் பறையர் குடும்பத்தில் பிறந்த அவர், மார்த்தோமா சபையிலும் பிரதரன் சபையிலும் இருந்து பார்த்தார். அங்கும் சாதி தொடர்ந்ததால் வெளியேறி, 1909-ஐ ஒட்டிப் பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவினார். அவருடைய கூட்டங்களில் பேச்சும் மலையாளப் பாட்டும் கலந்து வரும். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. தாய் ஒரு பக்கமும் பிள்ளை மறுபக்கமும் விற்கப்பட்ட அந்த நினைவு பாட்டுகளில் நிறைந்திருக்கிறது. தம் இனத்தின் வரலாற்றை ஏன் எவரும் எழுதவில்லை என்பது அவற்றின் அடிநாதக் கேள்வி.

1976–77-இல் லண்டனில் எழுந்த பங்க் ராக்கை இவற்றோடு ஒப்பிடலாம். மூன்று கார்டு (chord) தெரிந்தால் போதும், இசை படித்திருக்க வேண்டியதில்லை என்பது பங்கின் கொள்கை. கேட்பவர் எவரும் பாடுபவராகலாம். அம்மானையும் அப்படித்தான்: மக்களுக்குப் பழகிய கதைப்பாட்டு வடிவம், ஒருவர் வாசிக்க எழுத்தறியாதவரும் கேட்டு மனத்தில் ஏற்றலாம். வேறுபாடு பேசும் குரலில் இருக்கிறது. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாலி ஸ்டைரீன் போன்றோர், சந்தை சொல்லும் அடையாளத்தை ஏற்க மறுக்கும் தனிமனிதரின் குரலில் பாடினார்கள். திருவிதாங்கூரிலோ அந்தத் தனிமனித மதிப்பே ஓர் இனம் முழுவதற்கும் மறுக்கப்பட்டிருந்தது. அதனால் அங்கே 'நான்' என்பதை 'நாங்கள்' வழியாகவே கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

இரண்டு குரல்களும் சென்னையில் கலந்தன. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6 அன்று முதல் மேடை ஏறியது. கானா, ராப், ராக் ஆகியவற்றைச் சேர்த்துப் பாடிய அந்தக் குழுவின் பெயர், சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்தது.

இவற்றுக்கெல்லாம் முந்திய அகிலத்திரட்டு 1939-இல் அச்சேறியது. சாமித்தோப்பில் ஆண்டுதோறும் கார்த்திகையில் பதினேழு நாள் ஏடு வாசிப்பாக அது இன்றும் ஓதப்படுகிறது.